வாசலில் நிற்கும் நேரத்துக்குக் கூலி கொடு

மாதவரத்தில் கூடிய குளிர்சாதன லாரி ஓட்டுநர்களிடையே பேசியது



முதலில் முன்வரிசை நாற்காலிகளை, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் தாய்மாருக்குக் கொடுங்கள். இன்றைக்கு நாம் பேசப்போகும் பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பணம். அது வழியில் எங்கே நின்றுபோகிறது என்பதை அவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டோல் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்கள். டயர் விலை, இன்சூரன்ஸ், செக்போஸ்ட் மாமூல் எல்லாம் பேசினார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அவை எல்லா லாரிக்காரனுக்கும் உள்ள துன்பம். குளிர்சாதன வண்டியான ரீஃபர் ஓட்டுகிறவனுக்கென்று தனியாக ஒரு துன்பம் உண்டு. சாலை முடிந்த இடத்தில்தான் அது தொடங்குகிறது. குளிர்கிடங்கின் வாசலில், துறைமுகத்தின் வாசலில், ஐஸ்கிரீம் டிப்போவின் வாசலில், பெரிய கடைகளுக்குச் சரக்குப் பிரித்து அனுப்பும் குடோனின் வாசலில் நம்மை நிறுத்தி வைக்கிறார்கள். நாலு மணி நேரம், பத்து மணி நேரம், சில நாள் பொழுது சாய்ந்து மறுபடி விடியும்வரை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு நமக்கு ஒரு பைசா கிடையாது. நான் பேச வந்தது அந்த ஒன்றைத்தான்.

நாம் ஏற்றுவது என்ன சரக்கு? நெல்லூரிலும் பீமவரத்திலும் உறைய வைத்த இறால், மைனஸ் 18 டிகிரி. ஐஸ்கிரீம் அதற்கும் கீழே. பாலும் தயிரும் நாலு டிகிரி. தேனியிலிருந்து கப்பலுக்குப் போகும் ஜி-9 வாழை 13, 14 டிகிரி. அதற்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்துப்போகும். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி; சூடானாலும் கெடும், சில ஊசிகள் உறைந்தாலும் கெடும். இந்த எண்களை நமக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்கூட இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து டிஸ்ப்ளே பார்த்துவிட்டுப் படுக்கிறான். இது திறமை உள்ள வேலை. இதைச் செய்கிறவனைக் கூலிக்கு வண்டி தள்ளுகிறவன் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள், நம் பணம் போகிற ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

ரீஃபர் யூனிட்டுக்குத் தனி எஞ்சின், தனி டீசல். கண்டெய்னர் ட்ரெய்லர் என்றால் ஜென்செட். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது ஓடியாக வேண்டும். மணிக்கு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். சித்திரை வெயிலில் மூன்று. ஆனால் ஆபீஸில் நமக்கு டீசல் எப்படித் தருகிறார்கள்? கிலோமீட்டர் பார்த்துத் தருகிறார்கள். இந்த ஊருக்கு இத்தனை கிலோமீட்டர், வண்டிக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு ட்ரிப்புக்கு மொத்தமாக இவ்வளவு, போய் வா. எரிவது மணிக் கணக்கில், கொடுப்பது கிலோமீட்டர் கணக்கில். வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். வாசலில் இருபது மணி நேரம் நின்றால்? நாற்பது ஐம்பது லிட்டர் நின்ற இடத்திலேயே எரிந்துபோகிறது. லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. நாலாயிரம் ரூபாய் அங்கேயே புகையாகப் போகிறது.

அந்த நாலாயிரத்தை யார் கொடுப்பது? சரக்கு வாங்குகிறவன் கேட்டை மூடி வைத்திருக்கிறான்; அவன் தரமாட்டான். அனுப்பியவன், லோடு ஏற்றியதோடு தன் வேலை முடிந்தது என்பான். புக்கிங் ஏஜென்ட் போன் எடுக்கமாட்டான். ஓனரிடம் கேட்டால், "போன ட்ரிப்பிலயும் இப்படித்தான் கேட்ட" என்பார். கடைசியில் பேட்டாவில் இருந்து, சாப்பாட்டுக் காசில் இருந்து, வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்ததில் இருந்து டிரைவர்தான் டீசல் ஊற்றுகிறான். ஊற்றாவிட்டால் யூனிட் நிற்கும், சரக்கு கெடும். கெட்டால் அதற்கும் அவன் பெயரைத்தான் எழுதுவார்கள்.

இங்கே சில பேருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ராத்திரியில் போனில் ஒரு குரல் வரும்: "குளிர் நேரந்தானே, நாலு மணி நேரம் ஆஃப் பண்ணிப் போடு, கேட்டுக்குப் போறதுக்கு முன்னால ஆன் பண்ணிக்க." எத்தனை பேர் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். சொன்னவர் வாயால் சொன்னார்; சாட்சி இல்லை. பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் லாகர் அத்தனையையும் எழுதி வைத்திருக்கிறது. காலையில் லாகர் தாளை நீட்டும்போது ஆஃப் பண்ணச் சொன்னவர் இருக்கமாட்டார், ஆஃப் பண்ணியவன் மட்டும்தான் நிற்பான். அதனால் சொல்கிறேன்: எந்த ஓனர் சொன்னாலும் வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதமாட்டார். எழுதாதவரை யூனிட்டை அணைக்காதீர்கள்.

யூனிட் டீசலை உருவி விற்கிற ஒருவன் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவனுக்கும் சொல்கிறேன். நிறுத்திக்கொள். உன் ஒரு கேன் டீசலுக்காக இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரையும் திருடன் என்று பேச அவர்களுக்கு வாய் கிடைக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது கைக்குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியாக இருக்கலாம். அதைக் கெடுத்துவிட்டு இந்த மேடைக்கு எதிரே உட்கார உனக்கு உரிமை கிடையாது.

"காத்திருப்பதும் ஒரு வேலையா? கேபினில் படுத்துத் தூங்கத்தானே செய்கிறான்?" என்று கேட்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களை ஒரு ராத்திரி வந்து படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சின் ஓடுகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை ஒரு வண்டி தூரம் நகர்கிறது. நகரும்போது நீ எழுந்து நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், உன் டோக்கன் கடைசிக்குப் போய்விடும். செக்யூரிட்டி எந்த நேரத்தில் நம்பரைக் கூப்பிடுவான் என்று தெரியாது. கூப்பிட்ட நேரத்தில் நீ டீக்கடையில் இருந்தால் அதற்கும் பழைய கதிதான். யூனிட்டில் அலாரம் அடித்தால் ஏறிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் உள்ளே கழிப்பறை இருக்கிறது. ஆனால் டிரைவருக்கு அனுமதி இல்லை. வண்டியை உள்ளே விடுவார்கள், ஓட்டி வந்தவனை விடமாட்டார்கள். ரோட்டோரம் முள்காட்டைத் தேடிப் போக வேண்டும். இந்த நேரத்தைத் தூக்கம் என்று சொல்கிறவன் வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கண் எரிய விழித்திருந்தவன் இல்லை.

தாபாவில் நிறுத்தினாலும் நமக்கு நிம்மதி கிடையாது. மற்ற வண்டி டிரைவர்களே, "அண்ணே, அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க, சத்தத்துல தூக்கம் வரல" என்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் அசந்து வந்தவர்கள். மூன்று ஃபேஸ் பிளக் ஒன்று அந்த நிறுத்தத்தில் இருந்தால் யூனிட்டைக் கரண்டில் ஓட்டலாம். சத்தமும் இல்லை, புகையும் இல்லை, டீசலும் மிச்சம். துறைமுக யார்டுக்குள் கண்டெய்னருக்கு வரிசையாக பிளக் வைத்திருக்கிறார்கள். யார்டுக்கு வெளியே அதே கண்டெய்னர் நிற்கும் சாலையில் ஏன் இல்லை? லாரி ஓட்டுநர்களுக்கு நெடுஞ்சாலையோரம் முதல் கட்டமாக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்போவதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். நல்லது, கட்டட்டும். கட்டுகிற இடத்திலெல்லாம் ரீஃபர் வண்டிக்கு பிளக் வைத்துக் கட்டட்டும். இல்லையென்றால் அந்த ஓய்வு இல்லத்தில் கட்டிலைப் பார்த்துவிட்டு நாம் மறுபடி யூனிட் பக்கத்தில்தான் வந்து படுக்க வேண்டியிருக்கும்.

துறைமுகச் சாலை என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னைத் துறைமுகம் முதல் மதுரவாயல்வரை உயர்மட்டச் சாலை. 2009-இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. தூண்கள் கூவத்துக்குள் நின்றுகொண்டே இருந்தன. 2022 மே மாதம் நரேந்திர மோடி வந்து மறுபடி ஓர் அடிக்கல் நாட்டினார். முதல் கல்லுக்கும் இரண்டாம் கல்லுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டு. அந்தப் பதின்மூன்று ஆண்டும் எண்ணூர் விரைவுச்சாலையில் இரும்புப் பெட்டிகளின் வரிசை நின்றது. அந்த வரிசையில் இங்கே இருக்கிற பலபேருடைய இளமை போனது. இரண்டு கட்சி ஆட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டெல்லியையும் சொல்கிறேன், கோட்டையையும் சொல்கிறேன். நம் காத்திருப்புக்குக் கட்சி வேற்றுமை இருந்ததில்லை.

அந்த வரிசையில் நிற்கிற கண்டெய்னருக்கு ஒரு நியாயம் இருக்கிறது, கேளுங்கள். இறக்குமதி செய்தவர் பெட்டியைக் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ். எடுத்துப்போய்க் குறித்த நாளுக்குள் காலிப் பெட்டியைத் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். நாளாக நாளாக ரேட் ஏறும். ரீஃபர் பெட்டி என்றால் இன்னும் அதிகம். கப்பல் கம்பெனிகள் உலகம் முழுக்க அதை வசூலிக்கின்றன. எல்லோரும் கட்டுகிறார்கள். காலி இரும்புப் பெட்டி சும்மா இருந்தால் அதன் சொந்தக்காரனுக்கு நஷ்டம் என்று எல்லோருக்கும் புரிகிறது. அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது, பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது. அவன் நிற்கும் நாளுக்கு ரேட் போட மட்டும் ஏன் கை வரவில்லை?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினால் பத்து மணிவரை போகலாம், வாரம் ஐம்பத்து நாலைத் தாண்டக்கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதற்குள் அரை மணி ஓய்வு. முதலாளியின் ஏவலில், அல்லது வேலை வாங்கும் உரிமை உள்ள வேறொருவர் ஏவலில் தொழிலாளி இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்று அந்தச் சட்டம் சொன்னது. வேறொருவர் என்றால் யார்? கேட்டை மூடி வைத்திருக்கிறவர்தான். ஆனால் அதே இடத்தில், வண்டி நிலையத்தில் வெறுமே இருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் சேரும் என்று ஒரு வரி போட்டார்கள். பதினைந்து நிமிடக் காத்திருப்பைக் கணக்கில் சேர்க்க நினைத்தவர்கள் இருபது மணி நேரக் காத்திருப்பு ஒன்று வரும் என்று நினைக்கவே இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் அறுபது வருடமாக நம் நேரம் வெளியே போகிறது.

இன்னொன்று. அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் செல்லும் என்றார்கள். நம் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டி ஓனர்கள்தான் அதிகம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் போய்ப் பாருங்கள். அவர்களிடம் வேலை செய்கிறவனுக்குச் சட்டமே எட்டவில்லை. சரி, எட்ட வைப்பார்கள் என்று காத்திருந்தோம். 2020-இல் நாடாளுமன்றத்தில் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறைவேறியது; பழைய சட்டத்தை அதற்குள் கரைத்தார்கள். ஐந்து என்று இருந்தது பத்து ஆகிவிட்டது. வலையின் கண்ணைச் சின்னதாக்கச் சொன்னோம், பெரிதாக்கி வைத்தார்கள்.

காத்திருப்பைக் கணக்கில் எழுத முடியாதா? ஐரோப்பாவில் 2006-இல் இருந்து புது லாரிகளில் டிஜிட்டல் டேக்கோகிராஃப் என்று ஒரு கருவி கட்டாயம். டிரைவர் தன் அட்டையைச் செருகித்தான் ஓட்ட வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தியாக வேண்டும். என் கவனத்தைப் பிடித்தது வேறு. அந்தக் கருவி நேரத்தை நாலாகப் பிரித்து எழுதுகிறது: ஓட்டிய நேரம், வேறு வேலை செய்த நேரம், அழைப்புக்காகக் காத்திருந்த நேரம், ஓய்வு. காத்திருந்த நேரத்துக்கு அங்கே ஒரு தனிக் குறி இருக்கிறது! ஓய்வோடு அதைச் சேர்த்துக் குழப்பவில்லை. அந்த ஊர் டிரைவருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் காத்திருந்தான் என்பதை ஒரு கருவி எழுதுகிறது.

நம் வண்டியில் கருவி இல்லையா? பின்னால் பெட்டிக்குள் லாகர் இருக்கிறது. இறாலின் உடம்புச் சூட்டை ராத்திரி பகலாக எழுதிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஜி.பி.எஸ். இருக்கிறது, வண்டி எந்த கேட்டில் எத்தனை மணிக்குப் போய் நின்றது, எத்தனை மணிக்கு நகர்ந்தது என்று ஓனரின் போனுக்குப் போகிறது. டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினால், "ஏன்யா நிறுத்துன?" என்று போன் வருகிறது. அப்படியானால் இருபது மணி நேரம் நின்றதும் அதே திரையில் தெரிந்திருக்கும். தெரிந்தும் அதைக் கேட்டுப் போன் வருவதில்லை. கணக்குக்குத் தேவையான அத்தனையும் அவர்கள் கையில் இருக்கிறது. பணமாக மாற்ற மட்டும் மனமில்லை.

அடுத்து, சரக்கைத் திருப்புவது. இதில் அடிபடாத ரீஃபர் டிரைவர் இந்தியாவில் இருக்கமாட்டான்.

பொதுமக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற ஹாட்பாக்ஸ் சோற்றைச் சூடாக வைக்கும். பச்சரிசியைப் போட்டால் வேக வைக்காது. ரீஃபர் பெட்டியும் அப்படித்தான். உறைந்து வந்ததை உறைந்தபடி வைத்திருக்கும். அரைகுறையாக உறைந்த சரக்கை ஏற்றிவிட்டு அதை மைனஸ் 18-க்கு இறக்கு என்றால் அதனால் முடியாது. லோடு ஏற்றும் இடத்தில் அவசரம். கப்பலுக்கு நேரமாகிவிட்டது, இரண்டு வண்டி கூடுதலாக வந்துவிட்டது, ஏதோ ஒரு காரணம். மேல்வரிசையை சிவப்புக் கோட்டுக்கு மேலே அடுக்குகிறார்கள். குளிர்காற்று போக வழியில்லை. கதவை மணிக்கணக்கில் திறந்து போட்டு ஏற்றுகிறார்கள். பிறகு சீல் வைக்கிறார்கள். சீல் வைத்த கதவுக்குள் என்ன இருக்கிறது, எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்க்க டிரைவருக்கு உரிமை இல்லை. பார்க்காத பொருளுக்கு, தொடாத பொருளுக்கு, அடுக்காத பொருளுக்கு அவன் பொறுப்பு என்று லாரி ரசீதான எல்.ஆரில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

எனக்கு நேர்ந்ததை ஒன்று சொல்கிறேன். வெளிமாநிலத்தில் ஒரு பெரிய குளிர்கிடங்கு, பெயர் வேண்டாம். ஒரு ராத்திரி, ஒரு பகல் வரிசையில் நின்று, சரக்கு இறக்கும் டாக்கில் வண்டியை ஒட்டினேன். அந்த நேரம் பார்த்து யூனிட் டிஃப்ராஸ்ட்டில் இருந்தது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: காயிலில் பனி பிடித்துவிட்டால் அதைக் கரைக்க யூனிட் தானாகவே கொஞ்ச நேரம் சூடு விடும், டிஸ்ப்ளேயில் எண் ஏறும், முடிந்ததும் இறங்கிவிடும். சரக்குக்கு ஒன்றும் ஆகாது. சூப்பர்வைசர் தம்பி வந்தார், டிஸ்ப்ளேயைப் பார்த்தார், போனில் படம் எடுத்தார், ரிஜெக்ட் என்றார். "தம்பி, பெட்டியை உடைச்சு, உள்ள ப்ரோப் குத்திப் பாருங்க, லாகர் எடுத்துப் பாருங்க" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் டிரைவர் சொல்லக்கூடாது" என்றார். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு படம் என் சம்பளத்தில் பிடித்தமாக மாறியிருந்தது. மாதாமாதம் பிடித்தார்கள். லாகர் தாளை எனக்கு யாரும் காட்டவே இல்லை.

மார்க்கெட்டில் விலை விழுந்த வாரத்தில் இப்படித் திருப்புவது அதிகமாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆர்டர் போட்ட நாளில் ஒரு விலை, வண்டி வந்து சேர்ந்த நாளில் ஒரு விலை. வாங்க மனமில்லாதவன் டிஸ்ப்ளேயைக் காரணமாகப் பிடித்துக்கொள்கிறான். அவன் வியாபாரச் சங்கடத்தை நம் தலையில் இறக்கி வைக்கிறான்.

இதைக் கேளுங்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லிவிட்டது, 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது: சரக்கு கெட்டதற்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால் அது நேரடியாக அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் கெட்டிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவனிடம் விளக்கம் கேட்க வேண்டும். கெட்ட மதிப்புக்கு மேல் பிடிக்கக்கூடாது. எல்லாப் பிடித்தத்தையும் சேர்த்தாலும் சாதாரணமாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அடுத்த முறை பிடித்தம் என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: லாகர் தாள் எங்கே? என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்ட கடிதம் எங்கே? இரண்டும் இல்லையென்றால் அந்தப் பிடித்தத்துக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

ஓனர்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். சில தம்பிகள் கோபத்தில் அவர்களை மட்டுமே திட்டுகிறார்கள். இரண்டு வண்டி வைத்திருக்கிற ஓனர் நேற்றுவரை டிரைவர். ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை கட்ட முடியாமல் ராத்திரி விழித்திருக்கிறவர். பெரிய கம்பெனி அவருக்கு வாடகைப் பணத்தை இரண்டு மாதம், மூன்று மாதம் இழுத்துக் கொடுக்கிறது. சரக்கை ஒப்படைத்ததற்கான பி.ஓ.டி. தாளில் ஒரு கையெழுத்து குறைந்தால் பேலன்ஸ் நின்றுபோகும். வண்டி நின்ற நேரத்துக்கான ஹால்டிங் பணம் கேட்டால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். அதற்குப் பயந்து அவர் கேட்பதில்லை. அவர் கேட்காததால் நமக்கு வருவதில்லை. அவரை நான் குற்றமற்றவர் என்று சொல்லமாட்டேன். யூனிட்டை அணைக்கச் சொல்கிற குரல் அவருடையதுதான். ஹால்டிங் பணம் எப்போதாவது வந்தால் அதில் டிரைவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதே அவர் நினைவுக்கு வராது. ஆனால் வண்டியை வாசலில் நிறுத்தி வைப்பது அவரில்லை. இருபது வண்டி வரும் என்று தெரிந்தும் ஆறு வண்டிக்கு டாக் கட்டி வைத்திருக்கிறவன், நம் வண்டியையே தன் குளிர்கிடங்காக வைத்துக்கொள்கிறவன், அவனிடம்தான் நம் முதல் வழக்கு. இடம் இல்லாதபோது சரக்கை வண்டியிலேயே வைத்திருந்தால் அவனுக்குக் கிடங்கு வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம். அவனுக்கு மிச்சமாகிற அந்தப் பணம் எல்லாம் நம் டீசல், நம் தூக்கம்.

நின்ற நேரத்தின் கோளாறு ஓடும் நேரத்திலும் வந்து சேர்கிறது. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. லோடு ஏற்றும் இடத்தில் பில் போட்டுவிட்டு வண்டியை விடாமல் வைத்திருந்தால் அந்த நாள் நம் ஓட்டத்தில் இருந்து குறைகிறது. கெடு முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். ஆபீஸில் ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை யார் நீட்டிப்பது? அபராதத்துக்குப் பயந்து, கப்பலின் கடைசி நேரத்துக்குப் பயந்து, வாசலில் போன மணியைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறோம். ஒரு ராத்திரி தூங்காதவன் மறு ராத்திரி எண்பதில் போகிறான். விடியற்காலையில் நின்ற வண்டியில் மோதி நசுங்கிக் கிடக்கும் கேபினைக் காட்டி, டிரைவர் தூங்கிவிட்டான் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அவனைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் கேபினில் போனவர்களில் நான் தோளில் கைபோட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பேச எனக்கு முடியாது.

2021 ஜனவரி 12-ஆம் தேதி அதிகாலை, புனேயில் சீரம் நிறுவனத்தில் இருந்து கோவிஷீல்டு ஊசி ஏற்றிய குளிர்சாதன வண்டிகள் கிளம்பியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பூசை போட்டு அனுப்பினார்கள். அந்த வண்டிகள் எந்த வாசலிலும் காத்து நிற்கவில்லை. வழி விட்டார்கள், காவல் வந்தது. அப்படியானால் முடியும்! மனம் வைத்தால் ஒரு ரீஃபர் வண்டியை நிற்காமல் உள்ளே எடுக்க முடியும் என்று அன்றைக்கே நிரூபித்துவிட்டார்கள். அன்று சரக்கின் அருமை தெரிந்தது. நமக்கு அதே அருமையைக் கேட்கிறோம்.

2015-இல் நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் எடுத்த கணக்கில், நாட்டுக்கு 61,826 ரீஃபர் வண்டிகள் வேண்டும், இருப்பது பத்தாயிரத்துக்கும் குறைவு என்று வந்தது. அன்றிலிருந்து வண்டி போதவில்லை, வண்டி போதவில்லை என்று கருத்தரங்குகளில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வண்டி வாங்க மானியம் உண்டு, கிடங்கு கட்ட மானியம் உண்டு. வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு, ஓட்ட ஆள் இல்லை என்று புலம்புகிற ஓனர்களையும் பார்க்கிறேன். ஏன் ஆள் வரவில்லை? நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கிறார்கள்? அப்பனை வாசலில் நிறுத்தி வைத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த வாசலுக்குப் போக மாட்டான். 2025 அக்டோபர் முதல் தேதியில் இருந்து தயாராகும் புது லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள், வரவேற்கிறேன். நாம் இன்று ஓட்டுகிற பழைய வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றில் முன்னால் கொதிக்கும், பின்னால் உறையும்.

வண்டியை நிறுத்திப் போராடுவோம் என்று தம்பிகள் சொல்கிறார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில், விபத்துத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து லாரிகள் நின்றபோது இரண்டே நாளில் வடக்கே பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அரசு இறங்கி வந்து பேசியது. அந்த ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்த விபத்துப் பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் ஏற்றிய சரக்கோடு நிறுத்தினால் கெடுவது மீனும் பாலும் மருந்தும். அதைக் கெட வைத்து நம் நியாயத்தைப் பேச நான் தயாராக இல்லை. ஏற்றியதை இறக்கும்வரை காப்பது நம் தொழில். அதனால் வேறு வழி சொல்கிறேன். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

யூனிட்டில் ஒரு மணி மீட்டர் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும். சர்வீஸ்காரன் வந்தால்தான் நாம் அதைப் பார்க்கிறோம். இனிமேல் கேட்டில் போய் நின்ற உடனே அந்த மீட்டரைப் போனில் படம் எடுங்கள். வாசலின் பெயர்ப்பலகை தெரியும்படி இன்னொரு படம். டோக்கன் கொடுத்த நேரத்தை எழுதுங்கள். டாக்கில் ஒட்டிய நேரம். சரக்கு இறங்கி முடிந்த நேரம். கிளம்பும்போது மறுபடி மீட்டரைப் படம் எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாசலில் யூனிட் ஓடிய மணி; நாம் கேட்க வேண்டியதற்கு அதுதான் கணக்கு. எல்.ஆரின் பின்பக்கம் வந்த நேரத்தை எழுதி செக்யூரிட்டியிடம் ஒரு கையெழுத்துக் கேளுங்கள். போட்டால் நல்லது. மறுத்தால், மறுத்தார் என்று எழுதி நேரத்தைப் போடுங்கள். இரண்டு மணி நேரம் இலவசம், நியாயமாகவே விட்டுக்கொடுப்போம். மூன்றாவது மணியில் இருந்து யூனிட் டீசல் தனி, ஓட்டுநர் கூலி தனி, இரண்டும் பில்லில் தனித்தனி வரியாக வர வேண்டும். ஓனர் கணக்கில் கலந்துவிடக்கூடாது.

இந்த நேரங்களை எழுத ஒரு தாள் தயாரித்திருக்கிறோம்; சின்ன ஓனர்களுக்கும் அதைக் கொடுங்கள். பெரிய கம்பெனியிடம் ஒற்றை ஆளாகக் கேட்கப் பயப்படுகிறவர், நூறு வண்டியின் கணக்கு கையில் இருந்தால் பயப்படமாட்டார். மூன்று மாதம் சேர்ப்போம். எந்த வாசலில் எத்தனை மணி என்று அச்சடித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்போம். வாங்க மறுத்தால் வழக்கறிஞரை வைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம். அதற்கு நமக்கு வேண்டியது கோஷம் இல்லை, தேதியும் நேரமும்.

மேடையின் இடது பக்கத்தில் மேஜைமேல் அந்தத் தாளைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறோம். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அச்சிட்டிருக்கிறோம். வழியில் பார்க்கிற ஆந்திரா டிரைவர், பீகார் டிரைவர் எல்லோருக்கும் கொடுங்கள், அவர்களும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். நெல்லூர் ரூட்டுக்காரர்கள் முதலில் வாருங்கள், இன்றைக்கு ராத்திரியே லோடு இருக்கிறவர்கள் நீங்கள்தான். அடுத்து தூத்துக்குடி, அதற்கடுத்து பெங்களூரு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் காட்ட மேஜையில் இரண்டு தங்கைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய்மாரே, நீங்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி போன் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு கேட்டில் போய் நின்றீர்கள் என்று கேட்டு, அந்த நேரத்தை இதில் எழுதி வையுங்கள்.